மோபி டிக்: 28-ஆவது அத்தியாயம் வரை கேப்டனைக் காணோம்

சேதுவாசி:

ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்' நாவலை எடுத்திருக்கிறேன். 1851-இல் வந்தது, மொத்தம் 135 அத்தியாயம். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது, இப்போது விட்டால் எப்போதும் படிக்கப் போவதில்லை. திமிங்கில வேட்டைக் கதை என்று நம்பி எடுத்தால், இருபது அத்தியாயம் தாண்டியும் கப்பல் துறையை விட்டு நகரவில்லை. குறை சொல்லவில்லை. எனக்கு அந்தக் கரைப் பகுதிதான் ரொம்பப் பிடித்துவிட்டது.

கதை சொல்கிறவன் பெயர் இஷ்மாயில். கையில் காசில்லை, கரையில் இருப்பும் கொள்ளவில்லை. நியூ பெட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு விடுதிக்கு வருகிறான். தனிக் கட்டில் கிடையாது, ஈட்டி எறிகிற ஒருவனோடு சேர்ந்து படுத்துக்கொள் என்கிறார் விடுதிக்காரர். இவனுக்கு மனசில்லை. பெஞ்சிலேயே படுக்கிறேன் என்கிறான். பெஞ்சு கரடுமுரடாக இருக்கிறதே என்று விடுதிக்காரர் இழைப்புளியைக் கொண்டுவந்து அதை இழைக்கவே ஆரம்பித்துவிடுகிறார். சீவல் பறக்கிறது, கடைசியில் மரத்தின் கணுவில் இழைப்புளி முட்டி நிற்கிறது. சரி, கட்டிலே தேவலை என்று ஆகிறது. அந்த ஆள் இவ்வளவு நேரமாக எங்கே என்று கேட்டால், தலை விற்கப் போயிருக்கிறான் என்று பதில். நிஜ மனிதத் தலை, பாடம் செய்தது.

நள்ளிரவில் வருகிறான் குவீக்வெக். முகமெல்லாம் கட்டம் கட்டமாகப் பச்சை குத்தியிருக்கிறது. சண்டையில் அடிபட்டு மருத்துவர் பிளாஸ்திரி போட்டிருக்கிறார் போல என்றுதான் இஷ்மாயில் முதலில் நினைக்கிறான். அப்புறம் அலறல், விடுதிக்காரர் விளக்கோடு வருவது, சமாதானம். விடிந்து பார்த்தால் குவீக்வெக்கின் கை இவன்மேல் கிடக்கிறது. அடுத்த சில அத்தியாயங்களில் இருவரும் உயிருக்கு உயிர்.

பார்த்த மாத்திரத்தில் ஆளை எடை போடுவதைப் பற்றிய நாவல் இது என்பது என் கட்சி. பார்த்துப் பயந்த ஆள் தங்கமாக அமைகிறான். பீக்வாட் என்ற கப்பலின் கேப்டன் ஆகாபையோ பார்க்காமலே இஷ்மாயில் கையெழுத்துப் போடுகிறான். அட்டவணையைப் புரட்டினேன், 'ஆகாப்' என்ற தலைப்பே 28-இல்தான் வருகிறது. அதுவரை ஊரார் பேச்சு மட்டும்தான். படித்தவர்கள் முடிவைச் சொல்லாமல் பேசுங்கள்.

நடுக்கடல்:

தம்பி, நான் விசைப்படகு ஓட்டுகிறவன். இந்த நாவலைச் சுருக்கப் பதிப்பில் ஒரு தடவை, முழுசாக ஒரு தடவை படித்திருக்கிறேன். சுருக்கத்தில் நீங்கள் சொன்ன பெஞ்சே இல்லை. பங்குக் கணக்கும் இல்லை. அதனால் அது வேறு புத்தகம்.

பங்குக் கணக்கு வருகிற 16-ஆவது அத்தியாயத்தை எங்கள் ஆட்களிடம் கதையாகவே சொல்லியிருக்கிறேன். திமிங்கிலக் கப்பலில் சம்பளம் கிடையாது. நம் ஊர் மாதிரிப் பங்குதான். ஆளைச் சேர்க்க உட்கார்ந்திருப்பவர்கள் பெலெக், பில்தாத் என்று இரண்டு பழைய கேப்டன்கள், கப்பலில் பெரும்பங்கு அவர்களுடையது. பில்தாத் பைபிளை விரித்துவைத்து, பூமியிலே பொக்கிஷம் சேர்க்க வேண்டாம் என்ற வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே, இந்தப் பையனுக்கு 777-இல் ஒரு பங்கு போதும் என்கிறார். பெலெக் எகிறிக் குதித்துச் சண்டை போட்டு 300-இல் ஒரு பங்கு என்று எழுதுகிறார். அதுவும் எத்தனை? மூன்று வருஷம் போய் வந்தால், போட்டுக் கிழித்த துணிக்குச் சரியாக இருக்கும் என்று இஷ்மாயிலே சொல்கிறான், சோறு மிச்சம்.

குவீக்வெக் வரும்போது கூத்தைப் பாருங்கள். முதலில் இவன் கிறிஸ்தவனா என்று விசாரணை. அவன் ஒன்றும் பேசவில்லை. தண்ணீரில் மிதக்கிற தார்ச் சொட்டு ஒன்றைக் காட்டி, அது திமிங்கிலத்தின் கண் என்று வைத்துக்கொள் என்று சொல்லி, பில்தாத்தின் தொப்பி விளிம்பை ஒட்டி ஈட்டியை விட்டுச் சொட்டைக் காணாமல் அடிக்கிறான். அதோடு விசாரணை முடிந்தது. 90-இல் ஒரு பங்கு! கப்பல் கிளம்புகிற நான்டக்கெட் தீவில் எந்த ஈட்டிக்காரனுக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். உங்கள் 'முதல் பார்வை'க்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. முகத்தைப் பார்த்து வந்த பயம் கையைப் பார்த்ததும் போய்விட்டது, ஏனென்றால் இங்கே காசு இருக்கிறது.

தொண்டி டீச்சர்:

வகுப்பில் கதை சொல்லிப் பழகியவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். முதல் இருபத்தைந்து அத்தியாயமும் அருமை. அதற்கப்புறம் நாவல் அல்ல, கிடங்கு. 32-ஆவது அத்தியாயம் திமிங்கில வகைகளின் பட்டியல். பின்னால் தலை, வால், எலும்பு, தோல், எண்ணெய் என்று தனித்தனியாக வருகிறது. தாண்டிப் போனால் ஒன்றும் குறையாது. அந்தக் காலத்து வாசகர்களுக்கும் இது ஒட்டவில்லை. மெல்வில் பிற்பாடு நியூயார்க்கில் சுங்க இலாகாவில் சுமார் 19 வருஷம் வேலை பார்த்து, 1891-இல் ஏறக்குறைய மறக்கப்பட்ட எழுத்தாளராகத்தான் இறந்தார். 1920-களில்தான் இந்த நாவலை மறுபடி தூக்கிப் பிடித்தார்கள்.

லண்டன் பதிப்பின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்கப் பதிப்புக்கு ஒரு மாதம் முன்னால், 1851 அக்டோபரில், 'திமிங்கிலம்' என்ற பெயரில் மூன்று தொகுதியாக வந்தது. கடைசியில் இருக்கிற ஒரு பக்கப் பின்னுரை அதில் விடுபட்டுப் போயிற்று. அதனால் அங்கே விமர்சனம் எழுதியவர்கள்

சேதுவாசி:

டீச்சர்! முடிவு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேனே.

தொண்டி டீச்சர்:

நிறுத்திவிட்டேன் தம்பி. படித்து முடித்ததும் கேளுங்கள், சொல்கிறேன்.

கடற்புல்:

டீச்சர் சொல்வதை ஏற்க முடியாது. நான் கடல் உயிரியல் படிக்கிற மாணவி, மண்டபம் பக்கம். அந்த 32-ஆவது அத்தியாயத்துக்காகத்தான் எனக்கு இந்தப் புத்தகமே பிடிக்கும்.

திமிங்கிலம் மீன்தான் என்று இஷ்மாயில் அடம்பிடிக்கிறான். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் அதைப் பாலூட்டி என்று பிரித்தது அவனுக்குத் தெரியும். சூடான ரத்தம், நுரையீரல், குட்டிக்குப் பால் எல்லாம் தெரியும். தெரிந்தே, நான் பழைய கட்சி என்கிறான். நீர் பீச்சுகிற, வால் கிடையாகப் படுத்திருக்கிற மீன் என்பது அவன் இலக்கணம். அதிலே வால் மட்டும் சரியான கவனிப்பு. மீனுக்கு வால் செங்குத்து, இவற்றுக்குக் கிடை. கரை ஒதுங்கிய உடலைப் பார்த்தால் நாங்களும் முதலில் வாலைத்தான் பார்ப்போம்.

அப்புறம் கோபம் வருகிற இடம். அடிக்குறிப்பில் நம் கடல்பசுவைக் கூப்பிட்டுவைத்து அவமானப்படுத்துகிறான். ஆற்று முகத்துவாரத்தில் பதுங்குகிற, ஈரப்புல் தின்கிற, இரைச்சல் போடுகிற, மதிக்கத்தகாத கூட்டம் என்கிறான். நீர் பீச்சுவதில்லை, அதனால் இவை திமிங்கிலமே அல்ல, என் ராஜ்ஜியத்தை விட்டு வெளியேறப் பாஸ்போர்ட் கொடுத்துவிட்டேன் என்கிறான். கடல்பசு திமிங்கிலம் இல்லை என்பது சரிதான், யானையின் தூரத்து உறவு அது. ஆனால் இரைச்சலா? பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேய்கிற அது, மூச்சுக்கு மூக்கை மட்டும் மேலே நீட்டிவிட்டு உள்ளே போய்விடும். பக்கத்திலேயே வள்ளத்தில் இருந்தாலும் தெரியாது. பார்க்காமலே ஒரு மிருகத்தின்மேல் தீர்ப்பு எழுதுகிறான். சேதுவாசி அண்ணன் சொன்ன விஷயம் இங்கேயும் இருக்கிறது, அதனால்தான் இந்த அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது.

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும். சரக்குக் கப்பலில் சராங்காக இருந்து ஓய்வுபெற்றவன். பிள்ளைகள் வாசிப்புச் செயலியில் போட்டுத் தந்தார்கள், எழுத்தைப் பெரிசாக்கிப் படிக்கிறேன்.

கேப்டனைப் பார்க்காமல் கப்பல் ஏறுவது ஒன்றும் அதிசயமில்லை. நாங்களும் ஏஜெண்டு முகத்தைத்தான் பார்ப்போம். கப்பலில் கால் வைத்த அன்று சமையல்காரரிடம் கேட்டால் கேப்டன் எப்படி என்று தெரிந்துவிடும். இஷ்மாயிலுக்கு அந்தச் சமையல்காரர் அமையவில்லை. கிடைத்தவன் துறைமுகத்தில் எலியா என்று ஒரு கிறுக்கன். அவன் சொன்னது எதுவும் விளங்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது இன்னொரு இடம். கடலுக்கு ஏன் வருகிறாய் என்று பெலெக் கேட்கிறார். உலகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான் பையன். சரி, காற்று வருகிற பக்கமாக முன்னணியத்துக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, என்ன கண்டாய் சொல் என்கிறார். போய்ப் பார்த்தால் தண்ணீர், தண்ணீர், மழை வரும் போல ஒரு மேகம். வேறொன்றுமில்லை. உலகம் அவ்வளவுதான், இதைத் தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கிற கேப் ஹார்ன் சுற்றிப் போய்ப் பார்க்க வேண்டுமா என்கிறார். இதை என் முதல் பயணத்துக்கு முந்தி யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேனோ என்னவோ. திரும்பியிருக்க மாட்டேன். பையனும் திரும்பவில்லை.

நியூ பெட்ஃபோர்ட் பள்ளிவாசல், அதாவது அவர்களுடைய தேவாலயம், அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மேப்பிள் என்ற பாதிரியார் கயிற்று ஏணியில் பிரசங்க மேடை ஏறி, ஏறியதும் ஏணியை மேலே இழுத்துக்கொள்கிறார். பிரசங்கம் மீன் வயிற்றில் இருந்த யோனா. நமக்கு யூனுஸ் நபி. சின்ன வயதில் உம்மா சொன்ன கதையைக் கப்பல்காரன் வாயால் கேட்பது தனி சுகம். யூனுஸ் கப்பலுக்குக் காசு கொடுத்து ஏறுகிற காட்சியை அந்தப் பாதிரியார் விரிக்கிறார் பாருங்கள்: கேப்டன் ஆளைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டு மூன்று மடங்கு கேட்கிறான், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறார், ஓடிப்போகிறவர்தான் என்று கேப்டனுக்கு உறுதியாகிவிடுகிறது. குர்ஆனிலும் இல்லை, பைபிளிலும் இல்லை, மெல்வில் கைச்சரக்கு. ஆனால் பொருந்துகிறது.

சேதுவாசி:

காக்கா, அந்தத் தேவாலயத்துச் சுவரில் பளிங்குக் கல் பதித்திருக்கிறதே, கடலில் போனவர்கள் பெயரோடு, அந்த ஏழாவது அத்தியாயத்தை நான் மெதுவாகத்தான் படித்தேன். உடல் கிடைக்காதவர்களின் விதவைகள் அந்தக் கல்லுக்கு எதிரே தனித்தனியாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்திலும் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் போனவர்கள் உண்டு. கல் எதுவும் இல்லை. அதைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை.

குவீக்வெக்குக்கே வருகிறேன். 13-ஆவது அத்தியாயத்தில் அவன் இரண்டு கதை சொல்கிறான். தள்ளுவண்டியை முதன்முதலாகப் பார்த்தபோது அதில் பெட்டியைக் கட்டி, வண்டியையே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தானாம். ஊர் சிரித்திருக்காதா என்கிறான் இஷ்மாயில். அதற்கு இரண்டாவது கதை. அவன் தீவில் தங்கை கல்யாணம். இளநீரைப் பெரிய சுரைக்குடுவையில் ஊற்றி நடுவில் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் குடிக்கும் முன்னால் பூசாரி அதில் விரலை நனைப்பது வழக்கம். விருந்துக்கு வந்த வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன், பூசாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டு, கை கழுவுகிற கிண்ணம் போல என்று நினைத்து நிதானமாக இரண்டு கையையும் அதில் கழுவுகிறார். இப்போது என்ன சொல்கிறாய், எங்கள் ஜனங்கள் சிரித்திருக்க மாட்டார்களா என்று கேட்கிறான் குவீக்வெக்.

கல்யாண வீட்டு இளநீரில் கை கழுவுவது! நான் வாய்விட்டுச் சிரித்து அம்மா வந்து பார்த்தார்கள். 1851-இல் எழுதுகிறவர், பார்க்கிறவனும் பார்க்கப்படுகிறான் என்று இவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறார்.

தொண்டி டீச்சர்:

அது மட்டுமா. அதே அத்தியாயத்தில், படகில் அவனைக் கேலி செய்த ஒரு பயல் பாய்மரச் சட்டம் அடித்துக் கடலில் விழ, குதித்துக் காப்பாற்றுவது அதே குவீக்வெக். கரை அத்தியாயங்களில் எனக்குச் சண்டையே இல்லை. கடற்புல், உங்கள் கடல்பசுவுக்காக 32-ஐ மறுபடி படிக்கிறேன். தலை, வால் அத்தியாயங்களுக்கு உத்தரவாதம் கிடையாது.

கீழக்கரை காக்கா:

டீச்சரம்மா, 91, 92 இரண்டையும் தாண்டிவிடாதீர்கள். திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிற வாசனைப் பொருள் அம்பர் வருகிறது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று நாறிப்போன திமிங்கிலத்தைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது. பீக்வாட்டில் கேப்டனுக்குக் கீழே இருக்கிற அதிகாரிகளில் ஒருவன், ஸ்டப் என்கிற இரண்டாம் மேட், இதனால் உங்களுக்கு நோய் வரும் என்று மொழிபெயர்ப்பு ஆளை வைத்துப் பொய் சொல்லி, அதை அவிழ்த்துவிடச் செய்கிறான். அப்புறம் மண்வெட்டியை வைத்துக் குடலைத் தோண்டி அம்பரை எடுக்கிறான். நாற்றத்துக்குள் வாசனை. அத்தர்க் கடைக்காரர்கள் அம்பர் என்றால் குரலைத் தாழ்த்துவார்கள். இப்போது நம் கரையில் அது பேச்சுக்குக்கூட ஆகாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் எண்ணெய்த் திமிங்கிலம் பாதுகாக்கப்பட்டது, அம்பரை வைத்திருந்தாலே வழக்கு. பிடிபட்ட செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

கடற்புல்:

பிள்ளைகள் யாராவது கரையில் மெழுகுக் கட்டி மாதிரி எதையாவது கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். விற்றுத் தருகிறேன் என்று வருகிறவரை நம்ப வேண்டாம்.

நடுக்கடல்:

தம்பி எங்கே வந்திருக்கிறீர்கள்?

சேதுவாசி:

109 முடித்தேன் அண்ணே. இடையில் படகுக்குப் பெயின்ட் வேலை, அதனால் மெதுவாகிவிட்டது. ஆகாபை ஒருவழியாகப் பார்த்தாயிற்று. திமிங்கிலத் தாடை எலும்பில் செய்த கால், அதை ஊன்றி நிற்கத் தளத்தில் துளை போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு துளை எனக்குப் பயம் கொடுத்தது. ஆடுகிற கப்பலில் ஆடாமல் நிற்க ஏற்பாடு செய்துகொண்ட ஆள், யார் பேச்சைக் கேட்பான்?

ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி. 36-இல் பொற்காசைப் பாய்மரத்தில் அறைந்து, தன் காலைப் பறித்த மோபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கிலத்தைக் காட்டுகிறவனுக்கு இது என்கிறான். அத்தனை பேரும் ஆரவாரம் செய்கிறார்கள். எண்ணெய் எடுக்க வந்தவர்கள் பழிவாங்கக் கிளம்புகிறார்கள். முதல் மேட் ஸ்டார்பக் ஒருவன்தான் எதிர்க்கிறான். உன் பழிக்கு எத்தனை பீப்பாய் தேறும், நான்டக்கெட் சந்தையில் அது என்ன விலைக்குப் போகும் என்று கேட்கிறான். படகு ஓட்டுகிறவர் என்ற முறையில் சொல்லுங்கள், இப்படி நடக்குமா?

நடுக்கடல்:

நடக்கும். ஆரவாரம் இல்லாமலே நடக்கும். நம் படகில் ஐந்தாறு பேர் போவோம். டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றி, டீசல் அடித்துக் கிளம்பும்போது யாரும் திசை கேட்பதில்லை. வலை எங்கே விடுவது என்று ஓட்டுகிறவர் சொல்வார். மீன்பாடு இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் கிழக்கே என்பார். எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது, ஜிபிஎஸ்ஸில்தான் தெரியும், அது என் கையருகில் இருக்கிறது. கோட்டைத் தாண்டிப் பிடிபட்டால் சிறைக்குப் போவது நான் மட்டுமில்லை, பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பையனும்தான். அவனுக்கும் வீட்டில் முன்பணம் வாங்கிச் செலவு செய்தாயிற்று, வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் ஏது? அதனால் பீக்வாட் கப்பலின் ஆட்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கையெழுத்துப் போட்டது வேறு பயணத்துக்கு.

109-ஐத்தான் நானும் சொல்ல வந்தேன். கீழறையில் எண்ணெய்ப் பீப்பாய் ஒழுகுகிறது, கப்பலை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஸ்டார்பக் போய் நிற்கிறான். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்கிறான். சொந்தக்காரர்கள் நான்டக்கெட் கரையில் நின்று புயலைவிடச் சத்தமாகக் கத்தட்டும் என்கிறான் ஆகாப். துப்பாக்கியை வேறு நீட்டுகிறான். அந்தச் சொந்தக்காரர்கள் யார் என்று 16-இல் திருப்பிப் பாருங்கள். பில்தாத், பெலெக் மட்டுமில்லை. விதவைகள், தகப்பனில்லாப் பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் ஒரு பலகையில் ஓர் அடி, ஓர் ஆணி இரண்டு ஆணி என்ற அளவுக்குப் பங்கு. பளிங்குக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்களே, அந்த மாதிரிப் பெண்களின் காசும் இதில் இருக்கிறது. சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், ஒருத்தர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இங்கே ஆகாப் ஊரையே திட்டுகிறான்.

தொண்டி டீச்சர்:

இந்தப் பங்கு விஷயத்தை நான் இப்படிக் கோத்துப் பார்த்ததில்லை. ஆனால் ஸ்டார்பக் மேல் எனக்கு மன்னிப்பு இல்லை. தெரிந்தவன் அவன் ஒருவன்தான். திமிங்கிலத்துக்குப் பயப்படாத ஆள் என் படகில் வேண்டாம் என்று சொன்ன நிதானஸ்தன், கேப்டனுக்குப் பயந்து நின்றுவிட்டான். சேதுவாசி, இன்னும் 14 அத்தியாயம் போங்கள், அந்தத் துப்பாக்கி மறுபடி வரும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கீழக்கரை காக்கா:

டீச்சரம்மா, கப்பலில் மேட் என்பவன் கேப்டனை எதிர்த்தால் அதற்குப் பெயர் கலகம். கரைக்கு வந்தால் தண்டனை. ஸ்டார்பக்குக்கு வீட்டில் பெண்டாட்டி, சின்னப் பையன். பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வது நமக்குச் சுலபம்.

தொண்டி டீச்சர்:

முப்பது பேர் கப்பலில் இருக்கிறார்கள் காக்கா. அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு.

நடுக்கடல்:

அந்தத் துப்பாக்கி வருகிற நேரத்தில் எல்லாம் தாமதம். நிறுத்துவதாக இருந்தால் காசை அறைந்த அன்றே, எல்லாரும் குவளையில் குடிப்பதற்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். அன்று ஸ்டார்பக் பக்கம் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தால் போதும். குவீக்வெக் நின்றிருப்பான் என்று நினைக்கிறீர்களா தம்பி?

சேதுவாசி:

நிற்க மாட்டான் அண்ணே. அவனுக்கு 90-இல் ஒரு பங்கு கொடுத்தவர்கள் பில்தாத்தும் பெலெக்கும். ஆனால் அவனையும் மற்ற ஈட்டிக்காரர்களையும் வீரர்கள், கனவான்கள் என்று காசுக்கு மேலே ஒரு வார்த்தை பாராட்டியது ஆகாப். 110 தொடங்குகிறேன், தலைப்பே 'குவீக்வெக் சவப்பெட்டியில்' என்று இருக்கிறது. டீச்சர், இதைப் பற்றியும் வாயைத் திறக்காதீர்கள்.